மூன்று சதவீத வேகமும் ஒரு சட்டைப் பொத்தானும்

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பாடிய 'டேங்கில்ட் அப் இன் புளூ'வின் டேக்குகளை (ஒவ்வொரு முறையும் பாடிப் பதிந்தவற்றை) நல்ல ஹெட்போனில் கேட்டால், கிதார் மீட்டலுக்கு நடுவே சன்னமாக 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எந்தத் தாள வாத்தியமும் அங்கே இல்லை. இசைத்தட்டின் கீறலும் இல்லை. டிலன் போட்டிருந்த மேல்சட்டையின் கைப் பொத்தான், மீட்டும்போதெல்லாம் கிதாரின் மரத்தில் இடிக்கிறது. அந்தச் சத்தத்துக்காகவே அந்த டேக்கை ஒதுக்குபவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்பவர்களும் உண்டு.

1975 ஜனவரி 20 அன்று வெளிவந்த 'பிளட் ஆன் த டிராக்ஸ்' ஆல்பத்தைச் சுற்றி அரை நூற்றாண்டாக ரசிகர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் பதிந்ததில் பாதியை டிலன் பிறகு மினியாபொலிஸில் மறுபடி பதிந்தார். நியூயார்க் பதிவு உசத்தியா, மினியாபொலிஸ் பதிவு உசத்தியா என்பது பழைய கேள்வி. 2018 நவம்பர் 2-இல் 'மோர் பிளட், மோர் டிராக்ஸ்' என்ற ஆறு சிடி தொகுப்பு 87 பதிவுகளோடு வந்த பிறகு இன்னும் இரண்டு கேள்விகள் சேர்ந்துகொண்டன. பாட்டு எந்த வேகத்தில் ஓட வேண்டும்? எதிரொலி இருக்க வேண்டுமா, கூடாதா? ஒருவர் டேக்கைப் பற்றிப் பேசுவார். பதில் சொல்பவர் மிக்ஸைப் பற்றி, அதாவது பதிந்த குரலையும் வாத்தியங்களையும் எந்த அளவில் கலந்தார்கள் என்பதைப் பற்றிப் பேசுவார். மூன்றாமவர் இரண்டையும் விட்டுவிட்டு, தன் காதில் விழும் வேக வித்தியாசத்தைக் குரலின் சோகம் என்று எடுத்துக்கொள்வார். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தால்தான் இந்த விவாதத்துக்குப் பொருள் கிடைக்கும்.

முதலில் டேக். 1974 செப்டம்பர் 16 அன்று, நியூயார்க் ஏழாவது அவென்யூவில் 799-ஆம் எண் கட்டடத்தில் இருந்த ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோவில் டிலன் நுழைந்தார். அது முன்பு கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டுடியோ ஏ-வாக இருந்த இடம். அறுபதுகளில் அவர் பாடிய பல பாட்டுகள் அங்கேதான் பதிவாகின. ஒலிப்பதிவு ஃபில் ரமோன். துணைக்கு எரிக் வைஸ்பெர்க்கும் அவருடைய டெலிவரன்ஸ் குழுவும். கைதேர்ந்த வாசிப்பாளர்கள். ஆனாலும் முதல் நாளோடு அந்தக் குழுவின் வேலை ஏறக்குறைய முடிந்துபோனது. கடைசியாக வெளிவந்த ஆல்பத்தில் அவர்கள் முழுக்குழுவாக வாசித்தது 'மீட் மீ இன் த மார்னிங்' ஒன்றில் மட்டும்தான்.

காரணம் பெரும்பாலும் சுருதிக் கட்டு. கிதாரின் ஆறு தந்திகளைத் தடித்ததிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சேர்ப்பது வழக்கம். டிலன் இந்தப் பாட்டுகளை இ, பி, இ, ஜி ஷார்ப், பி, இ என்ற கட்டில் வாசித்தார். நடுவில் உள்ள மூன்று தந்திகள் மேலே ஏறுகின்றன. விரலே வைக்காமல் எல்லாத் தந்தியையும் மீட்டினால் முழு இ மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கேட்கும். தந்திகளை இவ்வளவு இறுக்கினால் கிதாரின் கழுத்துக்கு ஆகாது என்பதால், பலர் எல்லாவற்றையும் ஒரு முழுச் சுரம் இறக்கி டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று கட்டி, கழுத்தின் இரண்டாவது ஃபிரெட்டில் (குறுக்குக் கட்டத்தில்) எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியைப் போடுவார்கள். காதுக்கு இரண்டும் ஒரே சுருதிதான். தந்தியின் இறுக்கத்தில் மட்டும் சின்ன வித்தியாசம் தெரியும்.

கூட வாசிப்பவருக்குச் சிக்கல் எங்கே வருகிறது? புதுப் பாட்டென்றால் பாடுபவரின் இடக்கையைப் பார்த்தே அடுத்த கார்டைப் பிடிப்பார்கள். வழக்கத்துக்கு மாறான கட்டில் விரல் எங்கே இருந்தாலும் அதற்குப் பழகிய பொருள் கிடையாது. கை காட்டுவது ஒன்று, காதில் விழுவது இன்னொன்று. டிலனோ கார்டு எழுதிக் கொடுப்பவர் இல்லை, இரண்டாம் தடவை பாடிக் காட்டுபவரும் இல்லை. எஞ்சியவர் பாஸ் கிதார் வாசித்த டோனி பிரவுன். இடையில் பால் கிரிஃபின் ஆர்கன் வாசித்தார், பட்டி கேஜ் ஸ்டீல் கிதார் சேர்த்தார். செப்டம்பர் 19-க்குள் வேலை முடிந்தது. அந்த நான்கு நாளில் பாட்டுகள் எப்படிச் சுருங்கின என்பதை 2018 தொகுப்பு நாள்வாரியாக, டேக் வாரியாகக் காட்டுகிறது. ஒரே பாட்டை முதல் நாள் குழுவோடும், பிறகு பாஸ் மட்டும் வைத்தும் அடுத்தடுத்துக் கேட்பதுதான் அந்தத் தொகுப்பின் பெரிய பாடம் என்பேன்.

நியூயார்க் பாட்டுகள் பத்தையும் வரிசையிட்டு டெஸ்ட் பிரசிங் போட்டார்கள். அச்சுத் தகடு சரியாக இருக்கிறதா, நடுத்துளை மையத்தில் விழுந்திருக்கிறதா, ஊசி எங்கேயாவது தாண்டுகிறதா என்று பார்க்க, ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு முன்பு ஒரு சில பிரதிகள் அடிப்பார்கள். அதுதான் டெஸ்ட் பிரசிங். உறையும் அச்சாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் நேரத்தில் டிலன் மினசோட்டாவுக்குப் போனார். தம்பி டேவிட் ஸிம்மர்மனின் பேச்சைக் கேட்டு, டிசம்பர் 27-இலும் 30-இலும் மினியாபொலிஸ் நகரின் சவுண்ட் 80 ஸ்டுடியோவில் ஐந்து பாட்டுகளைப் புதிதாகப் பதிந்தார். முதல் நாள் 'இடியட் விண்ட்', 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்'. இரண்டாம் நாள் 'டேங்கில்ட் அப் இன் புளூ', 'லில்லி, ரோஸ்மேரி அண்ட் த ஜாக் ஆஃப் ஹார்ட்ஸ்', 'இஃப் யூ ஸீ ஹர், ஸே ஹலோ'. வாசித்தவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். டிரம்ஸில் பில் பெர்க், பாஸில் பில்லி பீட்டர்சன், கீபோர்டில் கிரெக் இன்ஹோஃபர், கிதாரில் கெவின் ஓடெகார்டும் கிறிஸ் வெபரும், மாண்டலினில் பீட்டர் ஆஸ்ட்ரூஷ்கோ. ஒலிப்பதிவு பால் மார்ட்டின்சன்.

'டேங்கில்ட் அப் இன் புளூ'வை முதலில் ஜி சுருதியில் முயன்றார்கள். எப்படி இருக்கிறது என்று டிலன் கேட்டதற்கு, பரவாயில்லை என்கிற மாதிரி ஓடெகார்ட் பதில் சொல்லிவிட்டார். பிறகு ஏ-வுக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்று அவரே யோசனையும் சொன்னார். நம் பாடகர்கள் கணக்கில் ஒரு கட்டை ஏற்றம். அந்த ஒரு கட்டையில் டிலன் குரலை எட்டிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நாம் அறிந்த பாட்டின் துடிப்புக்கு அதுவே காரணம். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது, இந்தப் பாட்டுக்கு மினியாபொலிஸ்தான். உறை ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் உழைத்தவர்களின் பெயர் அதில் ஏறவில்லை. 2018 தொகுப்பில்தான் அந்தக் குறை தீர்ந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் என்பது ஒரு வாசிப்பாளரின் ஆயுளில் பெரிய பகுதி.

ஆக, வெளிவந்த ஆல்பத்தில் ஐந்து நியூயார்க், ஐந்து மினியாபொலிஸ். மாற்றப்பட்ட ஐந்தில் பலவற்றில் இசையோடு வார்த்தைகளும் மாறின. 'டேங்கில்ட்' நியூயார்க்கில் 'அவன்' என்று தொடங்குகிறது, மினியாபொலிஸில் 'நான்' என்று தொடங்குகிறது. 'லில்லி'யில் ஒரு சரணமே போய்விட்டது. 'இஃப் யூ ஸீ ஹர்'இல் முன்னாள் காதலியை இப்போது நெருங்கியிருப்பவனிடம் பேசும் வரி, நியூயார்க்கில் உடலுறவை வெளிப்படையாகவே சொல்கிறது. பின்பு அது பட்டும் படாமலும் ஆகிறது. 'இடியட் விண்ட்'இல் சீனக் குறிநூல் பார்த்தவர், மூன்று மாதம் கழித்து ஜோசியக்காரரைச் சந்திக்கிறார். நியூயார்க் 'இடியட் விண்ட்' ஒருவன் தனக்குள் கசந்து போவது. மினியாபொலிஸில் அதே பாட்டு எதிரே நிற்பவர் மீது பாய்கிறது. இரண்டில் எது மேல் என்பது ரசனையின் பாடு. ஆனால் இரண்டும் ஒரே பாட்டின் தெளிவான பிரதி, மங்கலான பிரதி என்கிற மாதிரிப் பேசுவது பிழை. அவை இரண்டு எழுத்துகள்.

இங்கே இன்னொரு குழப்பம் உண்டு. 'நியூயார்க் வெர்ஷன்' என்று ஒருமையில் பேசுகிறோம். அப்படி ஒன்று கிடையாது. 1985-இல் வந்த 'பயோகிராஃப்' தொகுப்பில் நியூயார்க் 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்'வும், ஆல்பத்தில் இடம்பெறாத 'அப் டு மீ'யும் வந்தன. டிலனின் வெளிவராத பதிவுகளைத் தரும் பூட்லெக் சீரீஸ் வரிசையில் 1991-இல் வந்த முதல் பெட்டியில் 'டேங்கில்ட்', 'இடியட் விண்ட்', 'இஃப் யூ ஸீ ஹர்' மூன்றும், 'மீட் மீ இன் த மார்னிங்' மெட்டிலேயே வேறு வார்த்தைகளோடு அமைந்த 'கால் லெட்டர் புளூஸ்'உம் வந்தன. 1991-இல் வந்த 'இடியட் விண்ட்' டெஸ்ட் பிரசிங்கில் இருந்த அதே டேக் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். இல்லை. அடையாளம் எளிது. டெஸ்ட் பிரசிங்கில் பால் கிரிஃபினின் ஆர்கன் பின்னால் மெல்லப் படர்ந்திருக்கும். 1991 பதிவில் ஆர்கன் கிடையாது. 'ஷெல்டர் ஃப்ரம் த ஸ்டார்ம்'இன் வேறொரு டேக் 1996-இல் 'ஜெர்ரி மகுவயர்' படத்தின் இசைத்தட்டில் போனது. 'மீட் மீ இன் த மார்னிங்'இன் மாற்று டேக் 2012-இல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. டெஸ்ட் பிரசிங்கின் பத்துப் பாட்டுகளையும் அதே வரிசையில் தனித் தட்டாகக் கடையில் வாங்க 2019 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு கைமாறியவை எல்லாம் தட்டிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கும் எடுத்த நகல்கள்.

இரண்டாவது அடுக்கு வேகம். அதிகம் பேசப்படுவதும் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பதிவு முடிந்தபின் பல பாட்டுகளின் மாஸ்டரை, அதாவது தட்டு வெட்டப் போகும் இறுதி நாடாவை, 2 முதல் 3 சதவீதம் வேகமாக ஓட்டச் சொல்லி டிலனே ரமோனிடம் கேட்டிருக்கிறார். வானொலியில் துள்ளலாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அறுபது, எழுபதுகளில் பலரும் செய்தது இது. செய்முறை சிக்கலானதில்லை. டேப் இயந்திரத்தில் நாடாவை இழுக்கும் தண்டின் மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழலும் வகை. அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். வீட்டு மின்சாரத்துக்குப் பதிலாக ஓர் ஆஸிலேட்டரிலிருந்து 61.2 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 2 சதவீதம் கூடும், 61.8 கொடுத்தால் 3 சதவீதம் கூடும்.

நாடா வேகமாக ஓடினால் தாளமும் சுருதியும் சேர்ந்தே ஏறும். பேட்டரி தீரும் நேரத்தில் டேப் ரிக்கார்டர் பாடகரைக் கனத்த குரலில் இழுத்து இழுத்துப் பாட வைக்குமே, அதன் தலைகீழ். எவ்வளவு ஏறும்? அரைக் கட்டை என்பது ஏறக்குறைய 6 சதவீதம். அதில் 2 சதவீதம் மூன்றில் ஒரு பங்கு, 3 சதவீதம் பாதி. ஆகவே உச்சபட்சம் கால் கட்டை. கிதாரின் மெல்லிய இ தந்தி 329.6 ஹெர்ட்ஸில் அதிர வேண்டும். 3 சதவீதம் கூட்டினால் 339.5. அடுத்த சுரமான எஃப் 349.2. நடுவே எங்கேயோ நிற்கிறது. ஆல்பத்தோடு சேர்ந்து கிதார் வாசித்துப் பழக முயன்றவர்கள், தங்கள் கிதாரைத்தான் சுருதி சரியில்லை என்று நினைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

குரலிலும் மாற்றம் உண்டு. வேகம் கூடும்போது பாடும் சுரம் மட்டும் ஏறுவதில்லை. தொண்டையும் வாயும் சேர்ந்து குரலுக்குத் தரும் நிறமும் மேலே நகர்கிறது. அதனால் பாடுபவர் சற்று இளையவராக, நெஞ்சுக்கூடு சிறுத்தவராகக் கேட்கிறார். அதிர்வு கொஞ்சம் பதற்றமாகத் தெரியும். 2018 தொகுப்பில் நியூயார்க் பாட்டுகள் பதிவான வேகத்திலேயே ஓடுகின்றன. 'சோகம் கூடிவிட்டது' என்று பலர் சொன்னதில் ஒரு பங்கு இந்தக் கால் கட்டைதான். 'தூக்கம் வருகிறது' என்று குறை சொன்னவர்கள் கேட்டதும் அதே கால் கட்டையைத்தான்.

தட்டின் நீளத்தையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். வெளிவந்த ஆல்பத்தின் முதல் பக்கம் 25 நிமிடத்துக்கு மேல், இரண்டாம் பக்கம் 26 நிமிடத்துக்கு மேல். ஒரு எல்.பி. பக்கத்துக்கு இது அதிகம். பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவைக் குறைக்க வேண்டும், குறைத்தால் தட்டின் இரைச்சல் மேலே தெரியும். ஐம்பத்திரண்டு நிமிடத்தில் 3 சதவீதம் என்றால் ஒன்றரை நிமிடம் மிச்சம். வேகம் கூட்டியதற்குக் காரணம் இது என்று நான் சொல்லவில்லை. தட்டு வெட்டுபவருக்கு அது உதவியிருக்கும், அவ்வளவுதான். கூடவே, வெளி விளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு 51 சென்டிமீட்டர் நகர்கிறது, உள்விளிம்பை நெருங்கும்போது அது 21 ஆகிவிடும். 'பக்கெட்ஸ் ஆஃப் ரெய்ன்' இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. பழைய தட்டில் அதன் 'ஸ' ஒலிகள் கரகரப்பதைக் கேட்டு மிக்ஸைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு பாட்டின் வேகம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கிதாரை நம்ப முடியாது, காதால் சேர்த்த கிதார் எந்தச் சுருதியிலும் இருக்கலாம். மவுத் ஆர்கனைப் பிடியுங்கள். அதன் நாக்குகள் தொழிற்சாலையிலேயே ராவிச் சுருதி சேர்க்கப்பட்டவை. பலவற்றில் ஏ சுரத்தை 440-க்குப் பதில் 442 ஹெர்ட்ஸ் அளவில் வைப்பார்கள் என்பதால் அரை சதவீத அளவு தாராளம் கொடுக்கலாம். 'சிம்பிள் ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்'இலும் 'ஷெல்டர் ஃப்ரம் த ஸ்டார்ம்'இலும் மவுத் ஆர்கன் தனித்து நிற்கும் இடங்கள் இருக்கின்றன. ட்யூனர் செயலியை அங்கே வைத்துப் பாருங்கள். ஊதும்போது வளைக்காமல் நேராக நிற்கும் நீண்ட சுரமாக எடுக்க வேண்டும். வளைத்த சுரம் அரைச் சுரமோ அதற்கு மேலுமோ இறங்கிப் பொய் சொல்லும்.

இரண்டு வெளியீடுகளில் இருப்பது ஒரே டேக்தானா என்பதையும் வேகக் கணக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். இரண்டு கோப்புகளையும் ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்து, பாடப்படும் முதல் சொல் தொடங்கும் இடத்தையும் கடைசிச் சொல் தொடங்கும் இடத்தையும் குறியுங்கள். உறையில் போட்டிருக்கும் நீளத்தை எடுக்க வேண்டாம், மங்கல் முடிவும் முன்பின் மௌனமும் கணக்கைக் கெடுத்துவிடும். ஒன்றில் 257.5 நொடி, மற்றதில் 250 நொடி வந்தால் விகிதம் 1.03. அதோடு நிறுத்தாமல், நடுவே இரண்டு சரணங்களின் தொடக்கத்தையும் குறித்து அதே விகிதத்தை மறுபடி போடுங்கள். எல்லா இடத்திலும் 1.03 என்று வந்தால் ஒரே டேக், வேகம் மட்டும் வேறு. ஓரிடத்தில் 1.02, இன்னோரிடத்தில் 1.04 என்று ஆடினால் அது வேறு டேக். எந்த மனிதனும் ஒரு பாட்டை இரண்டு முறை அதே மூச்சு இடைவெளியில் பாடுவதில்லை. இந்த ஒரு சோதனையில் எத்தனையோ 'அரிய வெர்ஷன்'கள் பழைய சரக்கு என்று தெரிந்துபோகும்.

வேகத்தைத் திருத்தப் பார்ப்பவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். 3 சதவீதம் கூட்டியதை நீக்க 3 சதவீதம் குறைப்பது முதலாவது. 1.03-ஆல் வகுக்க வேண்டும், அது 2.91 சதவீதக் குறைப்பு. 2 சதவீதத்துக்கு 1.96. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இரண்டு பிரதிகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் பத்து நிமிடப் பாட்டில் அரை நொடி வரை விலகிப் போகும். இரண்டாவது சறுக்கல் பெரியது. மென்பொருளில் தாளத்தை மட்டும் மாற்றும் வசதியை எடுத்துவிடுவார்கள். அது சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும். கிதாரின் மீட்டல் நுனிகள் நசுங்கி, எதிரொலி குழைந்துபோகும். எடுக்க வேண்டியது 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்'. நாடா செய்ததை அதுதான் திருப்பிச் செய்கிறது. தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ வந்த நகல் என்றால் அந்த இயந்திரங்களின் வேகப் பிழையும் மேலே ஏறியிருக்கும். அங்கே சதவீதத்தை எங்கேயோ படித்துப் போடாமல், மேலே சொன்னபடி அளந்துதான் போட வேண்டும்.

மூன்றாவது அடுக்கு மிக்ஸ். ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. முடிந்துபோன இரண்டு தட ஸ்டீரியோ நாடாவை எடுத்து ஒட்டுமொத்தமாகச் செம்மை செய்வது ரீமாஸ்டர். அதில் குரலை மட்டும் தனியே தூக்க முடியாது. ஒவ்வொரு மைக்கும் தனித் தடத்தில் இருக்கும் மூல நாடாவுக்குத் திரும்பிப் போய், அளவும் இடமும் எதிரொலியும் புதிதாக முடிவு செய்வது ரீமிக்ஸ். 2003-இல் எஸ்.ஏ.சி.டி. என்ற உயர்தர வட்டில் வந்த 5.1 (சுற்றொலி) வடிவமும், 2018 தொகுப்பும் இரண்டாம் வகை.

மூல நாடாவுக்குப் போனால் எதையும் செய்யலாம் என்ற நினைப்பு ரசிகர்களிடம் உண்டு. டிலன் விஷயத்தில் அது எடுபடாது. அவர் பாடிக்கொண்டே வாசிக்கிறார். குரல் மைக்கில் கிதார் விழுகிறது, கிதார் மைக்கில் குரல் விழுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிதாரின் ஒலி தன் மைக்கைவிட 30 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து குரல் மைக்கை எட்டுகிறது என்றால், 0.87 மில்லி நொடி தாமதம். இரண்டு தடத்தையும் ஒரே அளவில் கூட்டினால் 570 ஹெர்ட்ஸ் அருகே ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், கிதார் உள்ளீடற்றதாகக் கேட்கும். குரலை ஏற்றினால் கிதாரின் நிறம் மாறும். கிதாரைப் பளிச்சென்று ஆக்கினால் குரலில் உலோகம் ஏறும். குரலில் உயர் அலைகளைக் கூட்டினால் நம் பொத்தானும் கூடவே உரக்கும். மைக்கை வைத்த இடம் 1974-லேயே முடிவாகிவிட்டது. 2018-இல் யார் வந்தாலும் அந்த வரம்புக்குள்தான் நடமாட முடியும்.

முடிவு செய்ய முடிந்த ஒன்று எதிரொலி. பழைய மிக்ஸில் குரலைச் சுற்றி ஒரு கூடத்தின் நீளம் இருக்கிறது. அது அழகுக்காக மட்டும் போட்டதல்ல. மூச்சு எடுக்கும் இடைவெளிகளை அது நிரப்புகிறது, குரலையும் பாஸையும் ஒரே அறைக்குள் நிற்க வைக்கிறது, பொத்தான் சத்தத்தை மழுக்குகிறது. 2018 மிக்ஸ் உலர்ந்தது. மைக் இருந்த தூரத்தில் நம் காதை வைக்கிறது. 'சிம்பிள் ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்'இல் சொல் முடிந்தபின் உதடு பிரிவது வரை கேட்கிறது. ஒரு டேக் எப்படி உருவானது என்று படிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஐம்பது நிமிடம் உட்கார்ந்து கேட்கும் ஆல்பமாக எனக்குப் பழைய எதிரொலிதான் வேண்டும். இந்தப் பாட்டுகளில் பேசுபவன் கேட்பவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

மினியாபொலிஸ் ரீமிக்ஸ்தான் இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறாமல் போய்விட்டது. 'இஃப் யூ ஸீ ஹர்'இல் பழைய மிக்ஸில் கிதார்களுக்குள் கரைந்திருந்த மாண்டலின் இப்போது தனித்துத் தெரிகிறது. 'டேங்கில்ட்'இல் பெர்கின் தட்டுத் தாளமும் கிதார்களும் எப்படிப் பின்னிக்கொண்டு போகின்றன என்று பிரித்துக் கேட்கலாம். வாசித்தவர்களுக்குக் கிடைத்த அசல் மரியாதை உறையில் பெயர் போட்டதைவிட இதுதான்.

எந்த இரண்டு பிரதிகளை ஒப்பிட்டாலும் முதலில் ஒலியளவைச் சமன் செய்யுங்கள். அரை டெசிபெல் முதல் ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தால், 'இது சத்தம் அதிகம்' என்று காது சொல்லாது, 'இது தெளிவு, இது உயிரோட்டம்' என்று சொல்லும். இரண்டு கோப்பின் சராசரி அளவையும், காதுக்குத் தெரியும் உரப்பை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். கணக்கில் பார்த்து, உரத்ததைக் குறைக்க வேண்டும். மெல்லியதைக் கூட்டினால் உச்சங்கள் வெட்டுப்படலாம். பிறகு ஒரே சரணத்தில் முப்பது நொடி எடுத்து, எது எது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். வேகத்தையும் சமன் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருதியே காட்டிக்கொடுத்துவிடும். இப்படிக் கேட்டால் பழைய சிடிக்கும் பின்வந்த ரீமாஸ்டருக்கும் இடையே பெரிதாகப் பேசப்படும் பல வேறுபாடுகள் சுருங்கிவிடும். எதிரொலி உள்ளதும் இல்லாததும் மட்டும் முதல் நொடியிலேயே தெரியும்.

இனி 'அசல்' என்ற சொல். வேகம் நீக்கி, எதிரொலி நீக்கி, நியூயார்க் டேக்குகளை அடுக்கியதுதான் டிலன் உண்மையில் செய்த ஆல்பம் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. அந்த அறையில் அன்று ஒலித்தது அதுதான், மறுப்பில்லை. ஆனால் வேகத்தைக் கூட்டச் சொன்னது டிலன். எதிரொலி போட்ட மிக்ஸில் டெஸ்ட் பிரசிங் அடிக்கும் வரை போனதும் அவர் சம்மதத்தோடுதான். அதில் பாதியைத் தூக்கிப் போட்டு டிசம்பரில் திரும்பப் பாடியதும் அவரே. தயாரிப்பாளர் கெடுத்த படைப்பை மீட்டெடுக்கும் கதை இங்கே பொருந்தாது. மூன்று மாதத்தில் ஒரே மனிதர் மூன்று முறை மனம் மாறியிருக்கிறார், மூன்றுக்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்'இல் அவர் முதலில் பாடியது மேல் என்று நான் நினைக்கிறேன். 'இடியட் விண்ட்'இல் இரண்டாவது. அவர் எடுத்த முடிவை மறுக்க எனக்கு உரிமை உண்டு. அது அவர் முடிவே அல்ல என்று சொல்ல உரிமை இல்லை.

இந்த ஒப்பீட்டில் சரிசெய்யவே முடியாத ஒரு சாய்வும் இருக்கிறது. நியூயார்க்கின் நான்கு நாட்களும் ஏறக்குறைய முழுசாக நாடாவில் தங்கிவிட்டன. தடுக்கிய தொடக்கங்கள், நடுவில் நிறுத்தியவை, மெட்டு மாறியவை என்று எண்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் கேட்கக் கிடைக்கின்றன. மினியாபொலிஸில் ஐந்து பாட்டுகளின் இறுதி டேக் மட்டும் மிஞ்சியது. ஒதுக்கிய டேக் எதுவும் தப்பவில்லை. ஓடெகார்ட் பரவாயில்லை என்று சொன்ன அந்த ஜி சுருதி 'டேங்கில்ட்'ஐ எந்தத் தொகுப்பும் இனி கொண்டுவரப் போவதில்லை.